படுக்கை மெஷினுக்கு பிட் எடுத்துக் கொடுத்தவள்

எங்கள் சங்கத்து மகளிர் விழாவில் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். "இத்தனை வருஷம் மரப்பட்டறையில வேலை செஞ்சிருக்கீங்க, நாலு வார்த்தை பேசக் கூடாதா?" என்று செயலாளர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு வார்த்தை என்றால் எனக்கு நாலு நாள் காய்ச்சல். "பேச்சு வேண்டாங்க, எழுதிக் குடுத்துடறேன், மலர்ல போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, காபி போடுகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். எழுதுவதில் ஒரு சௌகரியம். தாள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் கொள்ளேகாலில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு நாற்காலிப் பட்டறையில் மரத்தூள் பெருக்குகிற வேலையில் சேர்ந்தேன். ஆறு வருஷம் பெருக்கினேன். பிறகு, மெஷினில் மாட்டித் துளை போடுகிற பிட்டுகளை வைக்கும் அலமாரிக்குப் பொறுப்பானேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். என் முழு உத்தியோக வரலாறு இவ்வளவுதான். ஆனால் இப்போது பட்டறையில் அந்த அலமாரிக் கதவில், எந்த மரத்துக்கு எந்த பிட் என்று கட்டம் கட்டி அச்சடித்து ஒட்டியிருக்கிறார்களாம். போனில் படம் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் துளையிலிருந்து புகை வந்த கதை ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன்.

முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கீழே துளை போடுகிற மெஷினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்களுடையது பிட்டைப் படுக்கை வாக்கில் பிடித்துக்கொண்டு சுற்றும். அதனால் படுக்கை மெஷின் என்போம். பிட்டுக்கு எதிரே ஒரு மேசை. அதில் கட்டையை இறுக்கி வைத்து, ஒரு கைப்பிடியால் முன்னே தள்ளினால் துளை ஆழமாகும். இன்னொன்றால் இடமும் வலமும் அசைத்தால் துளை நீளமாகும். கடைசியில் கேப்சூல் மாத்திரை வடிவத்தில் ஒரு துளை வரும். நாற்காலிக் காலில் இந்தத் துளை, குறுக்குச் சட்டத்தின் முனையில் அதற்குள் புகுகிற நாக்கு. இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்தால் நாற்காலி பேரன் காலம் வரை வரும். உட்காராவிட்டால் கல்யாணப் பந்தியில் சம்பந்தி கீழே விழுவார். பழி சமையல்காரன் மேல் விழாது, எங்கள் மேல்தான் விழும்.

அலமாரிச் சாவி எனக்கு வந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. பட்டறையில் பிட் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. பாதி பிட், மரத்தூளுக்குள் கிடக்கும். பெருக்கும்போது கிடைப்பதைத் துடைத்து, ஃபோர்மேன் மேசையில் சிறிசு பெரிசாக வரிசை வைத்துவிட்டுப் போவேன். "இந்தாங்க" என்று சொல்லக் கூச்சம். ஒரு வருஷம் இப்படி நடந்தது. யார் வைக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் ஒருநாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் சாவியை அதே மேசையில் வைத்துவிட்டு அவரும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் மூன்று நாள் அதைத் தொடவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

ஃபோர்மேன் பெயர் சிவண்ணா. நஞ்சன்கூடு பக்கத்துக் கன்னடக்காரர். ஆண்களைத் திட்ட ஆரம்பித்தால் கன்னடம், தமிழ், உருது மூன்றும் வரும். ஆனால் பெண்பிள்ளைகளிடம் நேருக்கு நேர் பேச அவருக்கு வராது. என்னைவிடக் கூச்சக்காரர். அதனால் என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அலமாரியிடம் சொல்வார். "அலமாரி, பத்து எம்.எம். ஒண்ணு குடு" என்பார், கதவின் கீலைப் பார்த்துக்கொண்டு. நான் எடுத்து அலமாரித் தட்டில் வைப்பேன். அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். எனக்கு அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் தெரியும். புதிதாக வந்தவர்கள் அவருக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

ஆனால் வேலை சொல்லிக்கொடுத்தது அவர்தான், அலமாரிக்கு. பிட் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்றார். மரம் எது? கட்டை எத்தனை தடிமன்? துளை எத்தனை ஆழம்?

தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான் துளை. முப்பது எம்.எம். காலுக்குப் பத்து எம்.எம். பிட். அதற்கு மேல் போனால் இரண்டு பக்கச் சுவரும் மெலிந்துவிடும். ஆழத்துக்குப் போதுமான நீளம் மட்டும் பிட்டுக்கு இருக்க வேண்டும். தேவைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆடும், துளை பருத்துவிடும். ஆழம் குறைவு என்றால் நேர் முனை பிட் போதும். ஆழம் அதிகமானால் முறுக்குப் பிட், அதுதான் தூளை வெளியே இழுத்துக்கொண்டு வரும். தேக்குக்குள் மணல் மாதிரி ஏதோ இருக்கிறது, சாதா ஸ்டீலை மழுக்கிவிடும். அதற்குக் கார்பைடு முனை நல்லது. ஆனால் கார்பைடு கை தவறிக் கீழே விழுந்தால் மூக்கு உடைந்துவிடும். மாமியார் கொடுத்த பீங்கான் தட்டு மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூர் பார்க்கச் சிவண்ணா கட்டைவிரல் நகத்தில் முனையை வைப்பார். கடித்துப் பிடித்தால் நல்ல பிட். வழுக்கினால் தீட்ட வேண்டும். இதையும் அலமாரிக்கு முன்னால் கையை நீட்டி மூன்று தடவை செய்து காட்டினார். அலமாரி கற்றுக்கொண்டது.

மூன்று கேள்வி கேட்கச் சொன்னாரே தவிர, எனக்குக் கேட்க வாய் வர வேண்டுமே. நான் கேட்காமலே கட்டையைப் பார்த்துச் சரியானதை எடுத்து வைத்துவிடுவேன். படுக்கை மெஷினை ஓட்டியவர் அந்தோணி. மைசூரிலேயே பிறந்த தமிழர், வாய் ஓயாது.

"அக்கா, நான் பன்னெண்டு கேட்டேன். நீங்க பத்து வெச்சிருக்கீங்க."

நான் தரையைப் பார்ப்பேன்.

"அக்கா, பன்னெண்டுக்கா."

மறுபடியும் தரை. அவர் கையிலிருக்கும் கட்டையைத் திருப்பிப் பார்ப்பார். "ஓ... முப்பதா இது? அதை வாயால சொன்னா வாடகையா கேப்பாங்க?" என்று பத்தை எடுத்துக்கொண்டு போவார். பின்னால் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே தப்பாகக் கேட்பார். ஒருநாள் நூறு எம்.எம். கேட்டார். உரலுக்குக் குழி தோண்டுகிற அளவு அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட, அலமாரிக் கதவைத் திறந்து அதன் பின்னால் நின்றுகொண்டேன்.

திரும்பி வருகிற பிட்டைப் பார்த்தாலே யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியும். டிபன் பாக்ஸைத் திறந்ததும் எவன் சாப்பிட்டான், எவன் நாய்க்குப் போட்டான் என்று தெரிவது போல. பிசின் ஒட்டியிருந்தால் கட்டை ஈரம். ஓரம் உடைந்திருந்தால் கீழே போட்டிருக்கிறான். நீலம் பாரித்திருந்தால் அவசரம், சூடு ஏறிவிட்டது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தசராவுக்கு முன்னால் புது மெஷின் வந்தது.

புது என்றால் எங்களுக்குத்தான் புது. மூடிவிட்ட ஏதோ ஒரு பட்டறையின் சாமானை விற்கிற கடையிலிருந்து ஓனர் வாங்கியது, வெளிநாட்டுச் சரக்கு. மேலே பலகை இழைக்கலாம், பக்கத்தில் துளை போடலாம். இரண்டுக்கும் ஒரே மோட்டார், ஒரே தண்டு. இழைக்கிற கத்தி உருளையின் முனையிலேயே பிட்டைப் பிடிக்கிற வாயும் இருந்தது. எங்கள் பழைய மெஷினை அங்கேயே கொடுத்துவிட்டு இதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஒண்ணு குடுத்து ரெண்டு வாங்கியிருக்கேன்" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

கூடவே ஒரு துருப்பிடித்த டப்பாவும் வந்தது. அதில் அந்த மெஷினின் பழைய பிட்டுகள் ஏழெட்டு. சிவண்ணா ஒன்றை எடுத்து நகத்தில் வைத்தார், முகம் சுளித்தார். "இதோட முறுக்கே தலைகீழ். ரிஜெக்ட் மாலு. அலமாரி, இதைக் குப்பையில போடு."

நான் டப்பாவை வாங்கி அடித்தட்டில் வைத்தேன். எதையும் ஒருமுறை துடைத்துப் பார்க்காமல் குப்பையில் போட எனக்குக் கை வராது. துடைக்கத்தான் நேரமில்லாமல் போயிற்று.

அரண்மனைப் பக்கம் ஒரு ஓட்டலுக்கு இருபத்துநாலு தேக்கு நாற்காலி. தசரா முடிந்து வரும் சனிக்கிழமை வண்டியேற்ற வேண்டும், பாலிஷை அவர்களே போட்டுக்கொள்வார்கள். சட்டங்கள் எல்லாம் அறுத்து, நாக்கு எடுத்து அடுக்கியாகிவிட்டது. துளை மட்டும் பாக்கி. அந்தோணி புது மெஷினில் நல்ல கார்பைடு பிட்டை மாட்டி, கட்டையை இறுக்கி, கைப்பிடியைத் தள்ளினார்.

துளை விழவில்லை. புகை வந்தது. சாம்பிராணி போட்டது போல் பட்டறை நிறைந்துவிட்டது. வெளியே எடுத்தால் தேக்கில் கருப்பாக ஒரு பொட்டு, பிட்டின் முனை நீலம்.

"பிட்டு மழுங்கல் அக்கா" என்றார் அந்தோணி. வேறு கொடுத்தேன். அதுவும் நீலம். புதிதாக உறை பிரித்து ஒன்று கொடுத்தேன். அதுவும். நாலாவதை அந்தோணி ஆத்திரத்தில் அழுத்தினார், ஒடிந்தே போயிற்று. ஓனர் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். கட்டினோம். எலுமிச்சம்பழத்துக்கும் புகை வாசனைதான் ஏறியது.

சாயங்காலம் சிவண்ணா அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். அன்றைக்குக் கீலைக்கூடப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தார்.

"அலமாரி, கேளு. நாலு பிட்டு போச்சு. பிட்டுக்குக் கூர் இல்ல. வெச்சுக்கிறவங்க சரியா வெச்சுக்கல்ல. பெருக்குற லட்சுமம்மா ஊருக்குப் போனவ வரவே இல்ல, பட்டறை தூளு முட்டிக்கால் வரைக்கும் கெடக்கு. சனிக்கிழமைக்குள்ள துளை சரியா வரலேன்னா, சாவி மேசை மேல. பொறக்கே கையில. ஆய்தா?"

பொறக்கே என்றால் கன்னடத்தில் துடைப்பம், ஆய்தா என்றால் சரியா.

இது எனக்கு வெறும் மானப் பிரச்சினை இல்லை. ஆறு வருஷம் தூள் பெருக்கியதில் எனக்கு இளைப்பு வந்திருந்தது. "இன்னும் தூள்ல நின்னா நான் பொறுப்பில்லைம்மா" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த அலமாரி, ஜன்னல் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. அங்கே உட்கார்ந்த பிறகுதான் ராத்திரி படுத்து மூச்சு விட்டேன். சாவி போனால் மூச்சும் போகும். இதைச் சிவண்ணாவிடம் சொல்லலாம். சொல்ல வாய் வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையில் இருக்கிற எல்லா ஆயுதத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கத் தயாராக்குவது என் வேலை. பிட்டுகளை எல்லாம் மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்து, வாழையிலையில் பரப்பினேன். டப்பாவில் இருந்த ரிஜெக்ட் பிட்டுகளையும் தேய்த்தேன். குப்பைக்குப் போகிறதாக இருந்தாலும் பூஜைக்கு முன்னால் அழுக்காக அனுப்பக் கூடாதல்லவா?

எங்கள் பத்து எம்.எம். ஒன்று, டப்பாவின் பத்து எம்.எம். ஒன்று, இரண்டும் இலையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வாசலில் கழற்றி விட்ட செருப்பு ஜோடி மாதிரி இருந்தன. ஒன்று வலது கால். ஒன்று இடது கால். டப்பாக்காரன் ரிஜெக்ட் இல்லை. அவனும் நன்றாகச் செய்யப்பட்டவன்தான், மற்ற காலுக்கு.

கை கழுவ வைத்திருந்த துணி சோப்புக் கட்டியை எடுத்தேன். எங்கள் பிட்டின் முனையை அதில் வைத்து, ஸ்குருவை இறுக்குகிற பக்கமாக விரலால் திருகினேன். சோப்பு சீவிச் சீவி வந்தது, தேங்காய்த் துருவல் மாதிரி. கழற்றுகிற பக்கமாகத் திருகினால் ஒன்றும் வரவில்லை, சோப்பு வழவழப்பானதுதான் மிச்சம். டப்பா பிட்டை எடுத்தேன். இறுக்குகிற பக்கம் ஒன்றுமில்லை. கழற்றுகிற பக்கம் துருவல்.

இனி மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது வேகத்தில் தெரியாது. பூஜைக்கு வைக்கிறவள் போல் போய், பிட்டைப் பிடிக்கிற வாயின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அந்தோணி கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் நிறுத்தினார். வேகம் குறையக் குறையப் பொட்டு கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றுகிற பக்கமாகப் போய் நின்றது.

அந்தோணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவராகத் திரும்பிப் பார்க்கும் வரை நின்றேன்.

"என்னக்கா?"

"மெஷினு கழட்டற பக்கமா சுத்துதுங்க" என்றேன்.

"என்னது?"

"நம்ம பழசு இறுக்கற பக்கம். இது கழட்டற பக்கம்."

அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிவண்ணா, "ஏனப்பா அந்தோணி, அல்லி ஏன் மாடுத்தியா?" என்று, அங்கே என்ன பண்ணுகிறாய் எனக் கன்னடத்தில் கத்திக்கொண்டே வந்தார். நான் வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு தடுப்புக்குள் ஓடிவிட்டேன். "அதனால பிட்டை மாத்தோணும்" என்ற மீதிப் பாதி எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

பாதி வாக்கியம் எத்தனை ஆபத்து என்று மறுநாள் தெரிந்தது.

அந்தோணிக்குக் கரண்ட் வேலையும் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஆயுத பூஜை அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டுவிட்டார். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நான் வந்தபோது மெஷினைச் சுற்றிக் கூட்டம். எங்கள் சாதாரண பிட்டே தேக்கில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கிக்கொண்டிருந்தது. ஓனர் பட்டுச் சட்டையில் வந்திருந்தார். பூஜைக்கு வைத்திருந்த லட்டில் ஒன்றை எடுத்து, சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே அந்தோணி வாயில் திணித்துவிட்டார்.

மேலே இழைக்கிற கத்தியும் அதே தண்டில்தானே இருக்கிறது? அதுவும் எதிர்ப்பக்கம் சுற்றுமே? வாயைத் திறந்தேன். "அண்ணா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சார், பூஜை போட்டுட்டா இன்னிக்கு மெஷினத் தொடக் கூடாது" என்றார் சிவண்ணா. "அதுக்கு முன்னாடி மேலயும் ஒரு பலகை ஓட்டிப் பாத்துடுவோம்." ஒரு முழ நீளப் பலகையை எடுத்து இழைப்பு மேசையில் வைத்தார்.

"வேண்டாங்க!" என்றேன். இது எல்லோருக்கும் கேட்டது. சிவண்ணா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். பலகை கத்தியைத் தொட்டிருந்தது.

நியாயமாகக் கத்தி பலகையை நம் பக்கம் எதிர்த்துத் தள்ள வேண்டும். அன்று அது பலகையை அந்தப் பக்கமாக உருவிக்கொண்டு விட்டெறிந்தது. பலகை மேசையை விட்டுப் பறந்து, ஓனருக்கும் மாலை போட்ட சாமி படத்துக்கும் நடுவே போய், திருஷ்டி கழிக்க ஸ்டூல் மேல் வைத்திருந்த சாம்பல் பூசணிக்காயில் அடித்தது. உள்ளே கரைத்து ஊற்றியிருந்த குங்குமத் தண்ணீர் ஓனரின் பட்டுச் சட்டையில் முழுசாக இறங்கியது. நல்ல நேரம் பன்னிரண்டு மணிக்கு மேல். பூசணிக்காய் பத்தே முக்காலுக்கே உடைந்துவிட்டது.

"ஏனாய்த்து? ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறி, ஓனர் தன் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தார். சிவப்பைப் பார்த்துத் தான் போய்விட்டதாகவே நினைத்துவிட்டார். "குங்குமம் சார், குங்குமம்" என்று அந்தோணி நக்கிக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

சிவண்ணா மெஷினை நிறுத்தினார். "ஒயரை மாத்தச் சொன்னது யாரு?"

அந்தோணி லட்டை விழுங்கினார். "அக்காதான், கழட்டற பக்கமா சுத்துதுன்னு..."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஓடிப்போக இடமில்லை, வாசலில் பூசணிக்காய். தடுப்புக்குள் போய் சோப்புக் கட்டியையும் இரண்டு பிட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். மெஷின் மேசை மேல் சோப்பை வைத்தேன். சோப்புதான் உதவி, அதற்குப் பேச வேண்டியதில்லை. எங்கள் பிட்டை இந்தப் பக்கம் திருகினேன், துருவல். அந்தப் பக்கம், இல்லை. டப்பா பிட்டை இந்தப் பக்கம், இல்லை. அந்தப் பக்கம், துருவல்.

"மெஷினு சரிங்க" என்றேன், சோப்பிடம். "ஒயரைப் பழையபடி போட்டுரோணும். பிட்டைத்தான் மாத்தோணும். இதுக்கு இடது கால் பிட்டுங்க."

சிவண்ணா குனிந்தார். டப்பா பிட்டைத் தானே எடுத்து, சோப்பில் இந்தப் பக்கம் திருகினார். அந்தப் பக்கம் திருகினார். ஆறேழு தடவை. சோப்பு பாதியாகிவிட்டது.

"இதை ரிஜெக்ட்ன்னு குப்பையில போடச் சொன்னது யாரு?" என்று உறுமினார்.

அந்தோணிதான், "அன்னிக்கு ஒருத்தர் சொன்னாரு. பாக்க உங்க மாதிரியே இருந்தாரு" என்றார்.

"சும்னிரு" என்றார் சிவண்ணா. ஆனால் காது சிவந்துவிட்டது.

ஒயரைப் பழையபடி போட்டார்கள். டப்பா பிட்டை மாட்டினார்கள். புகை இல்லை. மெல்லிய சுருள் சுருளாகத் தூள் வந்தது. பூசணிக்காய் வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஆயுத பூஜை அன்று மைசூரில் பூசணிக்காய் மிச்சம் இருக்குமா? ஒரு சுரைக்காயை உடைத்துப் பூஜையை முடித்தோம். "பலகையும் அடிச்சு, சுரைக்காயும் உடைச்சாச்சு. இனிமே எந்தத் திருஷ்டியும் கிட்ட வராது" என்றார் அந்தோணி.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவில் பத்து எம்.எம். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் பழைய சாதா ஸ்டீல். பெங்களூரில் கேட்டால், இடது கை பிட்டா, சொல்லி வரவழைக்கப் பதினைந்து நாளாகும் என்றார்கள். இருபத்துநாலு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் எட்டுத் துளை. விஜயதசமி போக மூன்றே நாள். ஸ்டீலைத் தின்கிற தேக்கு. உளியால் கையில் போடலாமா என்று சிவண்ணா ஒரு துளை போட்டுப் பார்த்தார். அரை மணி நேரமும் ஒரு விரல் நகமும் போயின.

ஆக, என் மூச்சு முழுவதும் அந்த ஒரே பிட்டில் தொங்கியது.

புதன்கிழமை காலையில் அந்தோணி வந்து கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூன்று கேள்வியையும் வாய் திறந்து கேட்டேன். தெரிந்த பதில்தான், இருந்தாலும் கேட்டேன். பிறகு நாலாவதாக ஒன்று சொன்னேன்.

"ஒரு தள்ளுக்கு அஞ்சு எம்.எம்.தாங்க. அதுக்கு மேல தள்ளக் கூடாது. அஞ்சு தள்ளி, இடம் வலம் ஓட்டி, மறுபடி அஞ்சு."

"அக்கா பேசறாங்க!" என்று அந்தோணி பட்டறைக்கே அறிவித்தார். "டேய், அக்கா பேசறாங்கடா!"

எட்டுத் துளைக்கு ஒருமுறை பிட்டைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும் என்று வைத்தேன். அவர் தண்ணீர் குடிப்பதற்குள் எண்ணெய்க் கல்லில் தீட்டிக் கொடுப்பேன். பிட்டின் வெளிப்பக்கத்தைத் தொடக் கூடாது. வெளிப்பக்கம் தேய்ந்தால் பிட் மெலியும், துளை சிறுக்கும், தயாராக இருக்கிற நாக்குகள் ஒன்றுகூடப் புகாது. முறுக்கின் உள்முகத்தில் மட்டும் நாலு இழுப்பு. பிறகு நகத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்று நாளில் என் கட்டைவிரல் நகம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை அந்தோணிக்கு அவசரம் வந்தது. சத்தத்திலேயே தெரிந்தது, ஐந்துக்கு மேல் தள்ளுகிறார். தடுப்பை விட்டு வெளியே வந்து, அவர் எதிரில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நின்றேன்.

"சரி சரி, அஞ்சு" என்றார். "எங்க வீட்டுக்காரி திட்டறதுகூடத் தாங்கும் அக்கா. நீங்க சும்மா நிக்கறதுதான் தாங்கல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கால். கடைசித் துளையில் பாதியில் லேசாகப் புகை வாசனை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிட்டைக் கழற்றச் சொன்னேன். முனையில் தீட்டுவதற்கு இனி பெரிதாக ஒன்றுமில்லை, பென்சில் துண்டு மாதிரி ஆகியிருந்தது. நாலு இழுப்புக்குப் பதில் இரண்டே இழுப்பு இழுத்தேன். "ரெண்டு ரெண்டா தள்ளுங்க" என்றேன். அந்தோணி முதல் தடவையாகப் பேசாமல் வேலை செய்தார். துளை முடிந்தது. சிவண்ணா சட்டத்தின் நாக்கை எடுத்து அதில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பொத்தென்று உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டல்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். துளை முடிய முடியப் பூட்டிக்கொண்டே வந்த நாற்காலிகள் இரண்டு வரிசையாக நின்றன. ஆனால் பட்டறையில் கால் வைக்க இடமில்லை, எங்கு பார்த்தாலும் தேக்குச் சுருள். லட்சுமம்மா இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. மூலையில் துடைப்பம் சும்மா சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியும், துளை வந்துவிட்டது, சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஆனாலும் பழக்க தோஷம், எழுந்து துடைப்பத்தை நோக்கி நடந்தேன். யாராவது செய்ய வேண்டுமே.

எனக்கு முன்னால் சிவண்ணா போய் அதை எடுத்துக்கொண்டார்.

"தூளுல நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே" என்றார் துடைப்பத்திடம். அந்தோணிதான் என் வீட்டுக்காரரிடம் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். "குப்பையில போடுன்னு சொன்னவன் குப்பைய வாரட்டும். ஒயரு மாத்தினவன் என்னா, வேடிக்கை பாக்கறானா?"

அந்தோணிக்கு உடைந்த முறம் ஒன்று கிடைத்தது. பெருக்குகிற வித்தை இருவருக்கும் தெரியவில்லை. சிவண்ணா வாசலிலிருந்து உள்ளே பெருக்கினார். அந்தோணி உள்ளேயிருந்து வாசலுக்கு முறத்தால் தள்ளினார். நடுவில் சந்தித்து, யார் தூள் யாருடையது என்று சண்டை போட்டார்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாரிய தூளெல்லாம் எழும்பி இருபத்துநாலு நாற்காலி மேலும் சீராக உட்கார்ந்தது. சரியாக அப்போது ஓட்டல்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். சந்தனப் பவுடர் பூசியது போல் நின்றிருந்த சிவண்ணா, துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பன்னி சார், பன்னி" என்று, வாங்க என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கம்பீரமாக வரவேற்றார்.

கண்ணாடித் தடுப்புக்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சிரிப்பது? அலமாரியைத் திறந்து, இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே தலையை விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். இளைப்பு வரவில்லை. என் சிரிப்பில் அலமாரி குலுங்கி, பிட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன.

"என்னங்க அது சத்தம்?" என்று ஓட்டல்காரர் கேட்பது கேட்டது.

"பிட்டுங்க சார்" என்றார் அந்தோணி. "எண்ணிட்டு இருக்காங்க."